விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கிய பையன்: மாம்பழப்பட்டிலிருந்து அண்ணாமலை வரை ஒரு நடை

ஓம் சரவணபவ.

எனக்கு ஊர் கோலியனூர். விழுப்புரத்துல இருந்து பாண்டிச்சேரி போற பஸ்ல வந்திருந்தா, பண்ருட்டி ரோடு தனியா பிரியுற ஒரு கூட்டுரோடு பார்த்திருப்பீங்க. அங்கதான். எங்க ஊருன்னா எல்லாருக்கும் முதல்ல புத்துவாயம்மன் கோயில்தான் ஞாபகம் வரும்.

நடக்கிறது எங்களுக்குப் பழகின விஷயம். பங்குனி உத்திரம் வந்தா மயிலம் மலைக்குக் காவடியோட கிளம்பிடுவோம். பௌர்ணமின்னா திருவண்ணாமலை கிரிவலம். ஆனா எங்க வீட்டுக்கு இவ்வளவு பக்கத்துல, ஒரு மகான் கையில காசு இல்லாம, வயிறு காய்ஞ்சு, வழியும் தெரியாம நடந்த ஒரு பாதை இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியாது. விழுப்புரம் ஜங்ஷன்ல நூறு தடவை ஏறி இறங்கியிருப்பேன். அந்த பிளாட்பாரத்துல ஒரு ராத்திரி அவரும் உட்கார்ந்திருந்தார்னு யாரும் சொன்னதில்லை.

அவர்தான் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி. அப்போ அவருக்கு வயசு 16. பேர் வேங்கடராமன்.

முருகன் பக்கத்துல ரமணர் எதுக்குன்னு கேக்காதீங்க. கொஞ்சம் படிங்க. இந்தக் கதையில முருகன் இரண்டு மூணு இடத்துல வந்து நிப்பான்.

திருச்சுழியில் இருந்து மதுரைக்கு

1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள். பாண்டிய நாட்டுத் திருச்சுழியில் சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார் வேங்கடராமன். 12 வயதில் அப்பா போய்விட்டார். அண்ணன் நாகசாமியும் அவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சொக்கப்ப நாயக்கன் தெருவில் வீடு. ஸ்காட் மிடில் ஸ்கூல், அப்புறம் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல்.

படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. விளையாட்டு, குஸ்தி, நீச்சல் என்றால் முதல் ஆள். தூக்கம் மட்டும் அசாத்தியம். நம்மில் பாதிப் பேர் மாதிரிதான்.

1895 கடைசியில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, அருணாசலத்திலிருந்து என்றார். சின்ன வயதிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெயர், ரயில் ஏறிப் போகக்கூடிய ஒரு ஊர் என்பது அன்றைக்குத்தான் வேங்கடராமனுக்குத் தெரிந்தது. திருவண்ணாமலையும் அருணாசலமும் ஒன்றுதான் என்று அந்தப் பெரியவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் பெரிய புராணம் கையில் கிடைத்தது. 63 நாயன்மார்களும் அவர் மனசில் குடியேறினார்கள். 1896 ஜூலை நடுவில் ஒரு நாள், மாடி அறையில் தனியாக இருக்கும்போது திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே படுத்து, கை காலை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, செத்துப் போவது இந்த உடம்புதானே, அப்போது நான் யார் என்று உள்ளே பார்த்தார். அந்த ஒரு தடவையிலேயே பயம் போய்விட்டது. அதற்கப்புறம் சாயங்காலமானால் மீனாட்சி அம்மன் கோயில்தான். அறுபத்து மூவர் சன்னதி முன்னால் கண்ணில் நீர் வடிய நிற்பார்.

மூணு ரூபாய் கணக்கு

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்கு மூன்று முறை எழுதி வரும்படி பள்ளியில் தண்டனை. இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறை எழுதும்போது, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று குத்தலாக ஏதோ சொன்னார். தினமும் திட்டுகிற மாதிரிதான் அதுவும். ஆனால் அன்றைக்கு அது நேராகப் போய்த் தைத்தது. உண்மைதானே, எனக்கு இங்கே என்ன வேலை என்று எழுந்தார்.

பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்படியென்றால் பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு என்றார் அண்ணன். வழிச்செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அண்ணன் வாயிலிருந்தே பதில் வந்துவிட்டது.

வீட்டில் ஒரு பழைய அட்லாஸ் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தார். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் ஸ்டேஷன் திண்டிவனம் என்று தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த அட்லாஸில் அது இல்லை. இந்தத் தப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க. அதனாலதான் அவர் நம்ம பக்கம் வந்தார்.

ஐந்து ரூபாயில் மூணு போதும் என்று கணக்குப் போட்டார். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தார். தன் தந்தையைத் தேடி அவர் உத்தரவுப்படியே கிளம்பியதாகவும், யாரும் வருத்தப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் எழுதினார். அண்ணனின் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் எழுதினார். கடிதத்தின் ஆரம்பத்தில் நான் என்று எழுதியவர், கொஞ்சம் தள்ளி இது என்று மாற்றிவிட்டார். கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான்.

ஸ்டேஷனுக்குப் போகும்போதே ரயில் நேரம் தாண்டிவிட்டது. ஆனால் அன்றைக்கு ரயிலும் லேட். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதிமூணு அணா. ஒரு ரூபாய்க்கு பதினாறு அணா. ஆக, கையில் மிச்சம் மூணே மூணு அணா.

பெட்டியில் ஒரு மௌல்வி இருந்தார். மற்றவர்களோடு மகான்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த இந்தப் பையனை எங்கே போகிறாய் என்று விசாரித்தார். திருவண்ணாமலைக்குப் போக திண்டிவனம் வரை போக வேண்டாம், விழுப்புரத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அண்ணாமலைக்குப் போகிற பிள்ளைக்குச் சரியான வழி சொன்னது ஒரு இஸ்லாமியப் பெரியவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

திருச்சி வரும்போது இருட்டிவிட்டது. பசி. அரை அணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினார். ஒரு வாய், இரண்டு வாய் கடித்ததுமே வயிறு நிறைந்துவிட்டது. நல்லா சாப்பிடுகிற பையனுக்கு ஏன் இப்படி என்று அவருக்கே ஆச்சரியம். கையில் மிச்சம் இரண்டரை அணா.

விழுப்புரம், விடியற்காலை மூணு மணி

ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை மூணு மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினார். விடியும்வரை ஸ்டேஷனிலேயே இருந்தார்.

இங்க என் கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

எனக்குப் பத்தொன்பது வயசுல, அரியர் அடுக்கடுக்கா விழுந்த ஒரு வருஷம், வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம கிளம்பி இதே விழுப்புரம் ஜங்ஷன்ல ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். பேக்ல ரெண்டு சட்டை, ஒரு முருகன் படம். எங்கயாவது மலையில போய் சாமியாரா ஆயிடலாம்னு எண்ணம். போனை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். விடியுறதுக்கு முன்னாடி எதுக்கோ ஆன் பண்ணினேன். அம்மாகிட்ட இருந்து வரிசையா மிஸ்டு கால். திரும்பி வந்துட்டேன். அம்மா ஒரு வார்த்தை கேக்கல. சோறு போட்டாங்க, அவ்வளவுதான்.

பல வருஷம் கழிச்சு ரமணர் வரலாறு படிச்சப்போ, அதே ஸ்டேஷன்னு தெரிஞ்சதும் ரொம்ப நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். நான் ஓடிப் போனது ரிசல்ட்டுக்குப் பயந்து. அவருக்கு மரண பயமே போன பிறகுதான் கிளம்பினார். ரெண்டும் ஒண்ணு கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல அன்னைக்கு நான் இருந்த நிலைமையில யாராவது இருக்கலாம்.

சரி, கதைக்கு வருவோம்.

விடிந்ததும் ஊருக்குள் நடந்தார். யாரையும் வழி கேட்கக் கூச்சம். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பலகையில் மாம்பழப்பட்டு என்று இருந்தது. அது திருவண்ணாமலை போகிற வழியில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நடந்து களைத்து ஒரு ஹோட்டலுக்குப் போனார். மத்தியானம்தான் சாப்பாடு என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டார். சிவப்பான பையன், கருகருவென்று முடி, காதில் தங்கக் கடுக்கன். ஹோட்டல்காரர் ரொம்ப நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். இரண்டு அணா கொடுத்தபோது, கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இரண்டரை அணா என்று தெரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஹோட்டல்காரர் பேர் என்னன்னு யாரும் எழுதி வைக்கல. எங்க ஊர்ப் பக்கத்து மனுஷன். அவரை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு.

திரும்ப ஸ்டேஷன். இருந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் போக முடியும். போனார். சாயங்காலத்துக்கு முன்னால் அங்கே இறங்கினார். இனிமே ரயிலுக்குக் காசு இல்லை. நடந்தார்.

மாம்பழப்பட்டிலிருந்து பத்து மைல்

அந்த நடை பத்து மைல், சுமார் 16 கிலோமீட்டர். தெரியாத ஊர். போய்ச் சேர்ந்த இடம் அறையணிநல்லூர். இன்றைக்கு அரகண்டநல்லூர் என்கிறோம்.

போன தை மாசம் நானும் ஒரு நண்பனும் அதே தூரத்தை நடந்து பார்த்தோம். மாம்பழப்பட்டு ஸ்டேஷன்ல இறங்கி, கடையில டீ குடிச்சுட்டுக் கிளம்பினோம். இப்போ தார் ரோடுதான். ரெண்டு பக்கமும் கரும்பு, நெல்லு, இடையில உளுந்து. வெயில் ஏறுற வரைக்கும் பனி விலகாம வயல் மேல நின்னுச்சு. பனைமரம் வரிசையா வரும். தூரத்துல பாறைக் குன்றுகள். வழியில ஒரு ஆயா எங்க போறீங்கன்னு கேட்டாங்க. அரகண்டநல்லூருக்கு நடந்து போறோம்னதும், பஸ்ஸு வருமே சாமின்னு பரிதாபப்பட்டு சொம்புல தண்ணி குடுத்தாங்க.

பத்து மணிக்கு மேல காலு கனத்துப் போச்சு. பேச்சும் நின்னு போச்சு. அப்பதான் தோணுச்சு. எங்க கையில தண்ணி பாட்டில், போன்ல மேப், பாக்கெட்ல காசு, காலுல ஷூ. அவருக்கு இது எதுவும் இல்லை. இருட்டுற நேரம் வேற. எந்த ஊர் வரப்போகுதுன்னு கூட தெரியாம அந்தப் பிள்ளை நடந்திருக்கார்.

நாங்க போய்ச் சேரும்போது மத்தியானம் ஒரு மணி தாண்டிடுச்சு. கோயில் நடை சாத்தி இருந்துச்சு. நேரம் விசாரிக்காம வந்தது எங்க தப்பு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்தப் பாறை நிழல்லயே உட்கார்ந்தோம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வேங்கடராமன் வந்து சேர்ந்தப்பவும் கதவு மூடித்தான் இருந்தது. அவரும் வெளியிலதான் காத்திருந்தார்.

ஒரு பெரிய பாறை மேல இருக்குற கோயில் அது. ஒப்பிலாமணீஸ்வரர், அதுல்யநாதேஸ்வரர்னு சுவாமிக்குப் பேர். பாறையைக் குடைஞ்ச குகைகளும் இருக்கு. பஞ்சபாண்டவர் தங்கினதா சொல்லுவாங்க. கீழே தென்பெண்ணை. அக்கரையில திருக்கோவிலூர். வடக்குப் பக்கம் வானம் தெளிவா இருந்தா அண்ணாமலை தெரியும்.

சம்பந்தர் நின்ற இடம்

இப்போ கவனமா படிங்க.

திருஞானசம்பந்தர் இந்த அறையணிநல்லூருக்கு வந்து பதிகம் பாடியிருக்கார். இங்கே இருந்துதான் அவர் அண்ணாமலையைக் கண்டு வணங்கினதா பெரிய புராணம் சொல்லுது. சம்பந்தரை முருகனோட அம்சம்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. அருணகிரிநாதரும் அப்படித்தான் கொண்டாடினார்.

கோயில் திறந்ததும் வேங்கடராமன் உள்ளே போய் மண்டபத்தில் உட்கார்ந்தார். திடீரென்று ஒரு பெரிய ஒளி. கண் கூசுகிற மாதிரி அந்த இடம் முழுக்கப் பரவியது. கருவறை சுவாமியிடமிருந்து வருகிறதோ என்று எழுந்து உள்ளே போய்ப் பார்த்தார். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஒளியும் மறைந்தது. திரும்ப வந்து தியானத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தர் நின்ற இடம் இது என்று அப்போது அவருக்குத் தெரியாது. கையில் இன்னும் சில அணா இருந்திருந்தால் ரயிலிலேயே நேராகத் திருவண்ணாமலைக்குப் போயிருப்பார். இந்தப் பாறையை ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பழைய அட்லாஸில் ஒரு தப்பு, பையில் காசு போதவில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரை முருகன் அம்சமான அந்தக் குழந்தை நின்ற இடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தது.

நமக்கு ஏதாவது குறைஞ்சா உடனே முருகன் கைவிட்டுட்டான்னு ஸ்டேட்டஸ் போடுறோம். நானும் போட்டிருக்கேன். அந்தப் பாறை மேல உட்கார்ந்தப்போ, அதை எல்லாம் நினைச்சு வெட்கமா இருந்துச்சு.

பெண்ணை ஆற்றுக்கு அக்கரையில்

பூஜை முடிந்து கோயிலைப் பூட்டும் நேரம். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். இங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். இங்கேயே படுத்துக்கொள்ளட்டுமா என்றதற்கும் இடமில்லை. அடுத்து கீழையூர் கோயிலுக்குப் பூஜைக்குப் போகிறோம், அங்கே கிடைத்தாலும் கிடைக்கும் என்று சொன்னதால் பின்னாலேயே போனார்.

அது திருக்கோவிலூர் வீரட்டானேஸ்வரர் கோயில். அட்ட வீரட்டத்தில் ஒன்று, அந்தகாசுரனை சுவாமி வென்ற தலம். நம்ம ஔவைப் பாட்டி விநாயகர் அகவல் பாடின பெரியானைக் கணபதியும் இங்கேதான் இருக்கார். பக்கத்துல ஆத்துலயே கபிலர் குன்று. பாரி மகளிரை ஒப்படைச்சுட்டு கபிலர் உயிர் விட்ட இடம்னு சொல்லுவாங்க. போனா மூணையும் பார்த்துட்டு வாங்க.

அங்கே பூஜை முடியும்போது ராத்திரி ஒன்பது மணி. அங்கேயும் முதலில் சோறு இல்லை என்றுதான் பதில் வந்தது. கோயில் மேளக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பங்குச் சோற்றை இந்தப் பையனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு சாஸ்திரியார் வீட்டைக் காட்டினார்கள். அங்கே காத்து நிற்கும்போதே, தூக்கத்திலோ மயக்கத்திலோ சில அடி நடந்து விழுந்துவிட்டார். கண் விழித்தால் சோறு தரையில் சிதறிக் கிடக்கிறது, சுற்றிச் சின்னக் கூட்டம். சிதறியதைப் பொறுக்கிச் சேர்த்துக் கொஞ்சம் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். அப்படியே தரையில் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை, கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு வயிறார சாப்பாடு போட்டார். அப்போதுதான் காதில் கடுக்கன் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இருபது ரூபாய் பெறும். நாலு ரூபாய் மட்டும் கடனாகக் கேட்டு அடகு வைத்தார். பாகவதர் விலாசம் எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணனுக்குப் படைக்கச் செய்த பட்சணத்தை, படைக்கும் முன்னாலேயே ஒரு பொட்டலம் கட்டி அந்த அம்மா இவர் கையில் கொடுத்தார். தெருமுனை தாண்டியதும் விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டார். கடுக்கனைத் திருப்புகிற எண்ணமே இல்லை.

அன்று ராத்திரி ஸ்டேஷனில் தூக்கம். 1896 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலையில் திருவண்ணாமலை.

செவ்வாய்க்கிழமை யாருக்கு உகந்த நாள்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

முருகன் சன்னதியில் இரண்டு மாதம்

நேராகக் கோயிலுக்குப் போனார். எல்லாக் கதவும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அருணாசலேஸ்வரர் முன்னால் தனியாக நின்று, வந்துவிட்டேன் என்று ஒப்படைத்தார். வெளியே வந்து தலையை மழித்துக்கொண்டார். அய்யங்குளத்தில் மிச்சக் காசையும் பட்சணப் பொட்டலத்தையும் எறிந்தார். வேட்டியில் கோவணத்துக்கு மட்டும் கிழித்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிட்டார். மொட்டை போட்டால் குளிக்க வேண்டும். இந்த உடம்புக்கு எதற்குக் குளியல் என்று திரும்பி நடந்தார். கோயிலுக்குள் நுழைவதற்குள் மழை கொட்டி நனைத்துவிட்டது.

ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பையன்கள் கல்லெறிந்தார்கள். அதனால் கீழே இருட்டான பாதாள லிங்கத்துக்குப் போய்விட்டார். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள்தான் முடிந்தவரை காவல் காத்தார். கடைசியில் அன்பர்கள் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த முருகன் சன்னதியில் உட்கார வைத்தார்கள்.

சுமார் இரண்டு மாதம் அங்கே இருந்தார். அம்மன் அபிஷேகப் பாலை ஒரு மௌன சுவாமி கொண்டுவந்து கொடுப்பார். அதுதான் ஆகாரம். அம்மன் பால் குடித்து முருகன் சன்னதியில் வளர்ந்த பிள்ளை.

பாதாள லிங்கத்துக்கு எதிர்லதான் கம்பத்து இளையனார் சன்னதி. அருணகிரிநாதருக்காக முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம். கொஞ்சம் தள்ளி வல்லாள கோபுரத்தடியில கோபுரத்து இளையனார். அருணகிரியார் கோபுரத்துல இருந்து விழுந்தப்போ முருகன் தாங்கின இடம். அடுத்த தடவை போகும்போது இந்த மூணு இடத்துலயும் அஞ்சு நிமிஷம் போனைப் பையில போட்டுட்டு உட்காருங்க.

1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனிவர் மலைக்கு வந்தார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற பெயரைச் சூட்டியது அவர்தான். குமாரில பட்டராகவும் சம்பந்தராகவும் வந்த அதே ஸ்கந்தன்தான் ரமணராக வந்திருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. ரமணர் தன்னைப் பற்றி அப்படி எதுவும் சொல்லிக்கொண்டதில்லை.

அம்மாவுக்குப் போகும் பாதை

பிள்ளை தேடிப்போன தந்தையிடம் சேர்ந்துவிட்டார். அம்மா?

அழகம்மாள் இரண்டு வருஷம் தேடித் தவித்தார். 1898 டிசம்பரில் பவளக்குன்றில் மகனைக் கண்டுபிடித்தார். அழுக்குக் கோவணம், சடை முடி. தினமும் வந்து அழுதார், கெஞ்சினார். மகன் வாய் திறக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் வற்புறுத்திய பிறகு, அவரவர் விதிப்படிதான் எல்லாம் நடக்கும், தடுத்தாலும் நிற்காது, அதனால் மௌனமாக இருப்பதே நல்லது என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மா ஊருக்குத் திரும்பினார்.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படிச்சாலும் எங்க அம்மா முகம்தான் வரும். ரமணர் மேல கோபம்கூட வந்திருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா கதை அங்க முடியல.

1916-ல் அம்மா நிரந்தரமாக மகனிடமே வந்துவிட்டார். முதலில் விரூபாட்ச குகை. அப்புறம் கந்தசாமி என்ற பக்தர் மலையைச் செதுக்கிப் பாடுபட்டு உருவாக்கிய ஸ்கந்தாஸ்ரமம். முருகன் பேர் வெச்ச பக்தனால முருகன் பேரிலேயே அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு வீடு. அம்மா சமைத்தார். மகன் கூட மாட வேலை செய்தார். 1922 மே 19 அன்று அம்மாவின் கடைசி நேரத்தில், ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் ரமணர். உயிர் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

மலையின் தென்புறம், அடிவாரத்தில் அம்மாவுக்குச் சமாதி வைத்தார்கள். அதற்கப்புறம் ஸ்கந்தாஸ்ரமத்திலிருந்து தினமும் அந்தச் சமாதிக்கு இறங்கி நடந்து வருவார். ஆறு மாசம் இப்படி. டிசம்பரில் ஒரு நாள் இறங்கி வந்தவர் மேலே திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். அதுதான் இன்றைய ரமணாசிரமம். 1950 ஏப்ரல் 14 இரவு உடலை விடும்வரை அங்கேதான். அண்ணாமலைக்கு வந்த நாளிலிருந்து 54 வருஷம் அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை.

ஆசிரமத்துக்குப் பின்னாடி ஸ்கந்தாஸ்ரமத்துக்கு ஏறுற பாதையில நீங்க போயிருப்பீங்க. கல் பாவின பாதை, மரநிழல், குரங்குகள். மேல போகப் போக ஒரு திருப்பத்துல கோயில் கோபுரமெல்லாம் கீழே மொத்தமா தெரியும். எல்லாரும் போட்டோ எடுக்குற இடம். அம்மாகிட்ட சொல்லாம வீட்டை விட்டு நடந்த பிள்ளை, கடைசியில அம்மாவுக்காக தினமும் ஏறி இறங்கின மலைப்பக்கம் அது. இது தெரிஞ்ச பிறகு எனக்கு அவர் மேல கோபம் இல்லை.

நீங்களும் நடக்கணும்னா

விழுப்புரம் காட்பாடி லைன்ல போற பாசஞ்சர் ரயில்ல மாம்பழப்பட்டு இறங்குங்க. எது நிக்கும்னு முன்னாடியே பார்த்துக்கோங்க. காலையில சீக்கிரம் கிளம்புங்க, தண்ணி எடுத்துக்கோங்க. தனியா போகாதீங்க. ரோட்டோரமா வலது பக்கம் நடங்க, அப்பதான் எதிர வர்ற வண்டி தெரியும். மத்தியானம் கோயில் நடை சாத்திடுவாங்க, எங்களை மாதிரி மாட்டிக்காதீங்க. அரகண்டநல்லூர் பார்த்துட்டு சாயங்காலம் பாலம் தாண்டி திருக்கோவிலூர். திருக்கோவிலூர் ரயில் ஸ்டேஷன் ஆத்துக்கு இந்தப் பக்கம், அரகண்டநல்லூர்லயே இருக்கு. மறுநாள் காலையில ரயில்லயோ பஸ்லயோ அண்ணாமலை.

ஒண்ணே ஒண்ணு. கிளம்பும்போது அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க.

நான் இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் போனேன். கட்டுச்சோறு கட்டிக் குடுத்தாங்க. அரகண்டநல்லூர் பாறையில உட்கார்ந்து அதைப் பிரிச்சு சாப்பிட்டோம். நடை திறக்குற வரைக்கும் பசி தெரியல.

வேலும் மயிலும் துணை. அண்ணாமலைக்கு அரோகரா. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.